மோர்ஸின் எட்டாவது கிளெய்ம்: 1854 தந்தித் தீர்ப்பை நீங்களே படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக எதையாவது செய்து பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் ஐடியாவுக்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கிடைக்குமா?" என்பதுதான். ஐடியாவுக்குக் கிடைக்காது, அதைச் செய்துகாட்டிய வழிக்குத்தான் கிடைக்கும் என்று பதில் சொல்வோம். சரி, வழி எதுவரை, ஐடியா எங்கிருந்து என்று அடுத்த கேள்வி வந்தால் சொல்பவருக்கே தடுமாறும். அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று 1854 ஜனவரி 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் ஓ'ரைலி எதிர் மோர்ஸ். தந்தியின் மோர்ஸேதான்.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும் பலரும் "மோர்ஸின் எட்டாவது கிளெய்ம் (காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாக்கியம்) செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் வழக்கில் ஜெயித்தவர் மோர்ஸ். இரண்டும் ஒரே தீர்ப்பில் எப்படி நடந்தது என்பதைப் பிடித்துவிட்டால், காப்புரிமைச் சட்டத்தின் பாதி கைக்கு வந்துவிடும் என்று நான் நம்புகிறேன். சட்டம் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் போதும்.

படி 1: தீர்ப்பை எடுங்கள், ஆனால் தீர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் இது 56ஆம் தொகுதி, 62ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் தொகுப்பாளர் பெயரால் ஹவர்ட் 15ஆம் தொகுதி என்பார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

திறந்தவுடன் மலைப்பாக இருக்கும். தொகுப்பாளர் மோர்ஸின் காப்புரிமை ஆவணங்கள், சாட்சியங்கள், வழக்கறிஞர்களின் வாதங்கள் எல்லாவற்றையும் முன்னால் அச்சிட்டுவிட்டு, பல பக்கம் தாண்டித்தான் தலைமை நீதிபதி ரோஜர் டேனியின் தீர்ப்புக்கு வருகிறார். நான் முதல் முறை நேராகத் தீர்ப்புக்குத் தாவினேன். அது தவறு என்று பாதியில் புரிந்தது. நீதிபதி எந்தச் சொற்களைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தச் சொற்கள் நம் கண்முன் இருக்க வேண்டும். அதனால் முதலில் மோர்ஸின் எட்டு கிளெய்ம்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளெய்ம் என்றால் என்ன? காப்புரிமை ஆவணத்தில் முதலில் கண்டுபிடிப்பைப் பற்றிய விவரிப்பு வரும். கடைசியில் எண் போட்ட வாக்கியங்கள் வரும், அவைதான் கிளெய்ம்கள். வீட்டுப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோமே, வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு என்று, அதே வேலையைத்தான் கிளெய்ம் செய்கிறது. அந்த எல்லைக்குள் கால் வைத்தால் அத்துமீறல்.

படி 2: இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இயந்திரம் புரியாமல் காப்புரிமைத் தீர்ப்பு எதுவும் புரியாது.

ஒரு முனையில் பேட்டரியும், சுற்றை மூடித் திறக்கும் சாவியும். நடுவில் நீண்ட கம்பி. மறு முனையில் ஒரு மின்காந்தம். சாவியை அழுத்தினால் மின்காந்தம் உயிர்பெற்று ஒரு நெம்புகோலை இழுக்கும். அதன் நுனியில் உள்ள பேனா, கடிகாரச் சக்கரங்களால் நகர்ந்துகொண்டிருக்கும் காகித நாடாவில் குறி பதிக்கும். தொட்டுவிட்டால் புள்ளி, பிடித்திருந்தால் கோடு.

பிரச்சினை தூரம்தான். கம்பி நீள நீள மின்னோட்டம் மெலிந்துபோகும், பேனாவை அசைக்கத் தெம்பு இருக்காது. மோர்ஸின் தீர்வு இதுதான்: வந்து சேரும் மெலிந்த மின்னோட்டம் பேனாவை அசைக்க வேண்டாம், ஒரு சின்னத் தொடுப்பை மட்டும் மூடட்டும். அந்தத் தொடுப்பு, தனி பேட்டரி உள்ள அடுத்த சுற்றை இயக்கும். பழைய தபால் ஓட்டக்காரர்கள் பையைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடினார்கள் அல்லவா, அப்படி. அடுத்த ஆள் புதுத் தெம்போடு ஓடுவார். இதைத்தான் பிற்காலத்தில் ரிலே என்றார்கள். நான்காவது கிளெய்ம் இதைப் பற்றியது. தீர்ப்பில் இது அடிக்கடி வரும், மறந்துவிடாதீர்கள்.

படி 3: இது எப்படி வழக்கானது?

மோர்ஸ் தொழிலால் ஓவியர். 1832இல் பிரான்சிலிருந்து 'சல்லி' என்ற கப்பலில் திரும்பும்போது, சக பயணி ஒருவருடன் மின்காந்தம் பற்றிப் பேசியதில் இந்த யோசனை பிடித்துக்கொண்டது. நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியர் லெனார்ட் கேல் அறிவியலில் கைகொடுத்தார். நியூஜெர்சி இரும்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வெயில் இயந்திரத்தைச் செதுக்கித் தந்தார். 1838 ஜனவரியில் அந்த ஆலையில் இரண்டு மைல் கம்பியில் செய்தி அனுப்பிக் காட்டினார்கள். 1840 ஜூன் 20 அன்று 1,647 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. 1843இல் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்க, 1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி ஓடியது.

அதற்கப்புறம் எல்லோருக்கும் தந்தி வேண்டியிருந்தது. மேற்கு நோக்கிக் கம்பி இழுக்க 1845இல் ஹென்றி ஓ'ரைலியுடன் மோர்ஸ் தரப்பு ஒப்பந்தம் போட்டது. அயர்லாந்தில் பிறந்தவர், ராச்செஸ்டரில் பத்திரிகை நடத்தியவர். ஒப்பந்தம் விரைவிலேயே கசந்தது. அவர் லூயிவில்லிலிருந்து நாஷ்வில் வரை தானே ஒரு வழித்தடம் அமைத்து, 'கொலம்பியன்' என்ற வேறொரு கருவியைப் பயன்படுத்தினார். மோர்ஸ் தரப்பு 1848இல் கென்டக்கி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது. ஓ'ரைலி மேல்முறையீட்டுக்குப் போனார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் சாமன் சேஸ். பத்தாண்டு கழித்து அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர்.

நிழலில் இன்னும் இரண்டு கருவிகள் நிற்பதையும் கவனியுங்கள். ஹவுஸ் என்பவரின் கருவி புள்ளியும் கோடும் இல்லாமல் எழுத்துகளையே அச்சடித்தது. பெய்ன் என்பவரின் கருவி, ரசாயனம் தடவிய காகிதத்தில் மின்னோட்டத்தையே நேராகப் பாய்ச்சிக் குறி பதித்தது. காந்தத்தால் அசையும் பேனா அங்கே தேவையில்லை. ஹவுஸ் கருவி மோர்ஸின் உரிமையை மீறவில்லை என்று 1850இல் மாசசூசெட்ஸில் ஒரு தீர்ப்பு. பெய்ன் கருவி மீறுகிறது என்று 1851இல் பென்சில்வேனியாவில் ஒரு தீர்ப்பு. எட்டாவது கிளெய்ம் ஏன் அவ்வளவு பெரிய சண்டையானது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அது நின்றிருந்தால் மின்சாரத்தால் தொலைவில் குறி பதிக்கும் எந்தக் கருவியும் தப்பியிருக்காது.

படி 4: முன்னால் வரும் கேள்விகளை வேகமாகக் கடந்துவிடுங்கள், ஹென்றி விஷயத்தைத் தவிர

டேனி எட்டாவது கிளெய்முக்கு வருமுன் வேறு சிலவற்றைத் தீர்க்கிறார். மியூனிக்கின் ஸ்டைன்ஹைல், லண்டனின் வீட்ஸ்டோன், டேவி ஆகியோர் முந்திக்கொண்டார்களா? இல்லை என்கிறார். 1838இல் வாங்கிய பிரெஞ்சு காப்புரிமையால் அமெரிக்கக் காப்புரிமை செல்லாமல் போகுமா? போகாது, 14 ஆண்டு என்பது பிரெஞ்சு தேதியிலிருந்து எண்ணப்படும், அவ்வளவுதான். இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஜோசஃப் ஹென்றி வரும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். ஆல்பனியில் 1831 வாக்கிலேயே ஒரு மைல் அளவு கம்பியில் மின்காந்தத்தை இயக்கி மணி அடித்துக் காட்டிய விஞ்ஞானி அவர். நெடுந்தூரக் கம்பிக்கு எந்த வகை மின்காந்தமும் பேட்டரியும் வேண்டும் என்ற அறிவே அவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கேல் அதைத்தான் மோர்ஸுக்கு எடுத்துச் சொன்னார். ஹென்றி இந்தச் சண்டையில் சாட்சி சொன்னபோது, தந்திக்கு உதவக்கூடிய எந்த அறிவியல் உண்மையையும் மோர்ஸ் புதிதாகக் கண்டுபிடித்ததாகத் தனக்குத் தெரியாது என்றார். பிறர் கண்டவற்றைச் சேர்த்து ஒரு குறிப்பிட்ட கருவியாகவும் முறையாகவும் ஆக்கியதே அவர் சிறப்பு என்றும் சொன்னார்.

ஓ'ரைலி தரப்பு இதை மோர்ஸுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டது. டேனி ஏற்கவில்லை. விஞ்ஞானிகளிடம் கேட்டறிந்ததால் ஒருவர் கண்டுபிடிப்பாளர் இல்லை என்றாகிவிடாது, பல துறை அறிவு தேவைப்படும் ஒன்றை யாரும் தனியாகச் செய்துவிட முடியாது என்ற பொருளில் எழுதினார். இந்தப் பத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். அதே சமயம் ஹென்றியின் சாட்சியத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். 'குறிப்பிட்ட கருவி, குறிப்பிட்ட முறை' என்ற அந்த அளவுகோல்தான் எட்டாவது கிளெய்மின் மேல் விழப்போகிறது.

படி 5: முதல் கிளெய்மையும் எட்டாவதையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் மையம். அவசரப்படாதீர்கள்.

வழக்கில் இருந்தது 1848இல் திருத்தி வாங்கிய வடிவம். அதன் முதல் கிளெய்ம் ஒரு மறுப்போடு தொடங்குகிறது: தந்திக்கு மின்னோட்டத்தைப் பயன்படுத்துவதைப் பொதுவாக நான் கோரவில்லை என்கிறார் மோர்ஸ். பிறகு, மின்னோட்டத்தால் உண்டாகும் காந்தத்தின் இயக்கு சக்தியை, "மேலே விவரித்தபடி பெரும்பாலும் அதே விதத்தில்" பயன்படுத்தி இயந்திரத்தை அசைத்துக் குறி பதிப்பதையோ ஒலி எழுப்புவதையோ கோருகிறார்.

எட்டாவது கிளெய்மின் சாரம் தமிழில் இப்படி வரும்: மேலே விவரித்த குறிப்பிட்ட இயந்திரத்தோடோ அதன் பாகங்களோடோ என்னை நான் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. மின்னோட்டத்தின் இயக்கு சக்தியை, அது எப்படி உண்டாக்கப்பட்டாலும் சரி, எந்தத் தொலைவிலும் புரியக்கூடிய குறிகளையோ எழுத்துகளையோ பதிக்கவும் அச்சிடவும் பயன்படுத்துவதே என் கண்டுபிடிப்பின் சாரம். அந்தச் சக்தியின் இந்தப் புதிய பயன்பாட்டை முதலில் கண்டவன் நான்.

இரண்டிலும் ஆளுக்கொரு சொற்றொடரைக் கோடிடுங்கள். ஒன்றாவதில் "மேலே விவரித்தபடி". எட்டாவதில் "எப்படி உண்டாக்கப்பட்டாலும்". முதலாவது, எல்லையை இயந்திரத்தோடு கட்டிப்போடுகிறது. எட்டாவது, கட்டை அவிழ்த்துவிட்டு விளைவை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

இப்போது தீர்ப்பின் 112, 113ஆம் பக்கங்களைத் திறங்கள். டேனியின் வாதம் மூன்று அடுக்காக இருக்கிறது. இந்தக் கிளெய்ம் நின்றால், நாளை ஒருவர் மோர்ஸின் இயந்திரத்தில் ஒரு பாகத்தையும் தொடாமல், எளிமையான, மலிவான, பழுதாகாத ஒரு கருவியைக் கண்டுபிடித்தாலும் மோர்ஸின் அனுமதியில்லாமல் அதை அவரும் பயன்படுத்த முடியாது, மக்களும் பயன்படுத்த முடியாது. அடுத்தது, மின்காந்தம் பற்றி இனி விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கப் போவதையெல்லாம் மோர்ஸ் தன் காப்புரிமைக்குள் இழுத்துக்கொள்ளலாம், ஆவணத்தில் ஒரு வரிகூடச் சேர்க்காமல். அவருடைய காலம் முடிந்த பிறகும் அந்த விவரம் ஆவணத்தில் இருக்காது, மக்கள் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றாவதுதான் என் பார்வையில் உயிர்நாடி. 1836ஆம் ஆண்டுச் சட்டம், கண்டுபிடிப்பைத் துறை தெரிந்தவர் படித்துச் செய்யும் அளவுக்கு முழுமையாக, தெளிவாக விவரிக்கச் சொல்கிறது. மோர்ஸ் தான் விவரிக்காத ஒரு முறையைக் கோருகிறார். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை, எனவே விவரித்திருக்கவும் முடியாது என்று டேனி முடிக்கிறார். காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். நீ உலகுக்குக் கற்றுக்கொடு, அதற்கு ஈடாகக் கொஞ்ச காலம் தனியுரிமை எடுத்துக்கொள். கற்றுக்கொடுக்காத பகுதிக்கு ஈடு கேட்க முடியாது.

ஃபுல்டன் உதாரணத்தையும் பாருங்கள். நீராவியால் கப்பலை ஓட்டினார் என்பதற்காக, எந்த இயந்திரத்தாலும் நீராவியைக் கொண்டு கப்பலை ஓட்டும் உரிமை முழுவதையும் அவர் கேட்க முடியுமா என்று டேனி கேட்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இவ்வளவு தெளிவாக எழுதிய இதே டேனிதான் மூன்று ஆண்டு கழித்து, 1857இல், டிரெட் ஸ்காட் வழக்கில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று எழுதினார். இந்தத் தீர்ப்பைப் பாராட்டும்போதும் எழுதியவரைப் பற்றிய அந்த உண்மை நம் நினைவில் இருக்க வேண்டும்.

படி 6: டேனியின் வாதம் எங்கே இளைக்கிறது என்று தேடுங்கள்

மோர்ஸ் தரப்பின் பெரிய ஆயுதம் ஓர் ஆங்கிலேய வழக்கு. ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன் 1828இல் வாங்கிய காப்புரிமை, இரும்பு உலைக்குள் ஊதும் காற்றை முன்கூட்டியே சூடாக்குவது பற்றியது. காற்றைச் சூடாக்கும் பாத்திரத்தின் வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் எழுதியிருந்தார். 1841இல் இங்கிலாந்தின் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் அதை ஏற்றது. பாத்திரம் எப்படியும் இருக்கலாம் என்பதை ஏற்றவர்கள், மின்னோட்டம் எப்படியும் உண்டாகலாம் என்பதை ஏன் ஏற்கக் கூடாது?

டேனியின் பதில்: நீல்சன் ஒரு கோட்பாட்டை மட்டும் கோரவில்லை. காற்றை ஊதும் கருவிக்கும் உலைக்கும் நடுவே ஒரு சூடான கொள்கலன் வைத்து அதன் வழியே காற்றைச் செலுத்தும் ஏற்பாட்டைச் சொன்னார். பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் ஏற்பாடு அதுவே. இந்தப் பதில் சரிதான் என்று நினைக்கிறேன், ஆனால் இடம் இறுக்கமானது. வடிவம் எதுவானாலும் என்பதற்கும் முறை எதுவானாலும் என்பதற்கும் நடுவே உள்ள சந்து அவ்வளவு அகலமில்லை. இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பிறகு நீதிபதி கிரியரின் மாறுபட்ட கருத்துக்குப் போங்கள். நெல்சன், வெய்ன் என்ற இரு நீதிபதிகள் அவரோடு சேர்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பயனின்றிக் கிடந்த ஒரு சக்தியை எடுத்து மனிதனுக்கு ஊழியம் செய்ய வைத்தவனைத்தான் காப்புரிமைச் சட்டம் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். தந்திக்கான ஆங்கிலச் சொல்லே கிரேக்கத்தில் 'தொலைவில் எழுதுதல்' என்றுதான் பொருள்படும், அந்தக் கலையையே மோர்ஸ்தான் தந்தார், அதை ஏன் அவர் கோரக் கூடாது என்கிறார். உணர்ச்சியோடு எழுதப்பட்ட பக்கங்கள். ஆனால் ஹென்றி, ஸ்டைன்ஹைல், வீட்ஸ்டோன் எல்லோரும் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், கலை முழுவதும் ஒருவருக்கு என்று எழுதிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

படி 7: கடைசி உத்தரவைத் தவறவிடாதீர்கள்

எட்டாவது கிளெய்ம் போனது. மற்ற ஏழும் நின்றன. புள்ளி, கோடு, இடைவெளி கொண்ட குறிமுறையைக் கோரும் ஐந்தாவது கிளெய்மும் அவற்றில் ஒன்று. கொலம்பியன் கருவியின் தோற்றம் வேறானாலும் அடிப்படையில் மோர்ஸின் ஏற்பாடே என்று நீதிமன்றம் கண்டது. தடையாணை நின்றது. ஓ'ரைலி தோற்றார்.

ஆனால் வழக்குச் செலவு மோர்ஸுக்குக் கிடைக்கவில்லை. 1837ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: தெரியாமல் அதிகமாகக் கோரிவிட்டவர், அதிகப்படியானதைக் கைவிடுவதாகக் காப்புரிமை அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கலாம். வழக்குக்கு முன்பே எழுதிக்கொடுக்காவிட்டால், செல்லக்கூடிய கிளெய்ம்களுக்காக ஜெயிக்கலாம், செலவு கிடையாது. காரணமில்லாமல் இழுத்தடித்தால் அந்த வெற்றியும் கிடையாது. காப்புரிமை அலுவலகமும் கீழ் நீதிமன்றமும் எட்டாவதை ஏற்றிருந்ததால் மோர்ஸ் இழுத்தடித்தார் என்று சொல்ல முடியாது என்றார் டேனி. இந்தச் சலுகை இல்லாதிருந்தால் ஒரே ஒரு பேராசைக் கிளெய்ம் மற்ற ஏழையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

படி 8: பெல்லின் ஐந்தாவது கிளெய்மோடு ஒப்பிடுங்கள்

1876 மார்ச் 7 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு 174,465 என்ற எண்ணில் கிடைத்த காப்புரிமையை எடுங்கள். ஐந்தாவது கிளெய்ம், குரலை மின்சாரத்தால் அனுப்பும் முறையையும் கருவியையும் கோருகிறது. இங்கேயும் மோர்ஸ் மாதிரியே எல்லாவற்றையும் அள்ளுகிறாரே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1888இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பெல் பக்கம் நின்றது.

ஏன்? பெல் "எப்படியானாலும்" என்று எழுதவில்லை. காற்றின் அதிர்வு எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மின்னோட்டத்தை அலையலையாக ஏற்றி இறக்கி அனுப்புவது என்று எழுதினார். பேச்சுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தும் வழிகளில் இது ஒன்று, பெல் கோருவது இந்த ஒன்றை என்றது நீதிமன்றம். மோர்ஸின் எட்டாவதையும் பெல்லின் ஐந்தாவதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இன்னும் தொடர விருப்பமுள்ளவர்கள் 1972ஆம் ஆண்டு பென்சன் தீர்ப்பையும் 2014ஆம் ஆண்டு ஆலிஸ் தீர்ப்பையும் படிக்கலாம். இரண்டும் கணினி நிரல் பற்றியவை, இரண்டிலும் மோர்ஸ் வருகிறார்.

படி 9: உங்கள் கிளெய்மை எடுத்துச் சோதியுங்கள்

இந்தியாவில் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும் இதே நிலத்தில்தான் நிற்கிறது. கிளெய்ம் தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரித்த விஷயத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. வெறும் அறிவியல் கோட்பாட்டைக் கண்டது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 3ஆம் பிரிவின் (சி).

வயலில் ஈரம் குறைந்தால் தானாக மோட்டாரைப் போடும் கருவி ஒன்று செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்: "மண்ணின் ஈரத்தை எந்த வகையிலாவது மின்சாரத்தால் அறிந்து மோட்டாரை இயக்குவது." அப்படியே எட்டாவது கிளெய்ம். இப்போது இரண்டு கேள்விகள். நாளை ஒருவர் உங்கள் உணரியையே பயன்படுத்தாமல், நீங்கள் கேள்விப்படாத வேறொரு முறையில் ஈரத்தை அளந்தால் அவர் உங்கள் வாக்கியத்துக்குள் வருகிறாரா? வருகிறார் என்றால், அந்த முறையை உங்கள் விவரிப்பின் எந்தப் பத்தி கற்றுக்கொடுக்கிறது? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் 'எந்த வகையிலாவது' என்பதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் உணரி மண்ணில் எதை அளக்கிறது, எந்த அளவுக்குக் கீழே போனால் சைகை தருகிறது, அந்தச் சைகை மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போய்ச் சேருகிறது என்று எழுதுங்கள். ஒரே வாக்கியத்தோடு நிற்க வேண்டியதில்லை. முதலில் கொஞ்சம் அகலமாக ஒன்று, பிறகு குறுகலாக ஒன்று, இன்னும் குறுகலாக ஒன்று என்று அடுக்குங்கள். அகலமானது விழுந்தாலும் குறுகலானவை மோர்ஸின் ஏழைப் போல நிற்கக்கூடும். அந்தத் தாளோடு காப்புரிமை முகவரைப் போய்ப் பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில் அதிலேயே இருக்கும்.